மாற்றிய கேமராவில் அகச்சிவப்பு நிலக்காட்சிகள்: எங்கிருந்து தொடங்குவது?

சும்மா கிடக்கும் பழைய கேமரா ஒன்றை அகச்சிவப்புப் படம் எடுக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறீர்கள். எந்த ஃபில்டர் போடச் சொல்வது, லென்ஸ் எது சரிவரும், படமெல்லாம் ஒரே சிவப்பாக வருமாமே, அதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இந்தப் படங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 720 நானோமீட்டர் ஃபில்டர் போடுங்கள். ஒரே ஒரு லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுங்கள். நிறங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே விவரித்திருக்கிறேன்.

நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதைத் தாண்டியும் ஏதோ இருக்கிறது என்பதை வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1800-ல் கண்டுபிடித்தார். பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால், வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது. நாம் படம் எடுக்கப்போவது அந்தப் பகுதியின் முதல் படியில், அதாவது 700-லிருந்து 1000 நானோமீட்டர் வரைக்குள். கேமராவில் இருக்கும் சிலிக்கான் சென்சாருக்கு 1100 வரைகூட ஓரளவு தெரியும். அது தெரிந்தால் சாதாரணப் படத்தின் நிறம் கெட்டுவிடும் என்பதால், தயாரிப்பாளர்கள் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைத்துவிடுகிறார்கள். கேமராவை மாற்றுவது என்றால் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவது, அவ்வளவுதான். சிக்மாவின் எஸ்டி வரிசைக் கேமராக்கள் சிலவற்றில் இந்தக் கண்ணாடியை நாமே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். மற்றவற்றில் கேமராவைப் பிரித்தாக வேண்டும்.

பலருக்கு இருக்கும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இது உடம்புச் சூட்டைக் காட்டும் வெப்பப் படம் இல்லை. அந்தக் கருவிகள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள அலைகளைப் பார்க்கின்றன. நாம் பார்ப்பதைவிட ஏறக்குறைய பத்து மடங்கும் அதற்கு மேலும் நீளமான அலைகள் அவை. நம் கேமரா பார்ப்பது சூரியனிலிருந்து வந்து பொருள்கள் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை. அதனால் வெயில் இல்லையென்றால் படமும் சப்பென்று இருக்கும்.

கேமராவைப் பிரிக்காமல், லென்ஸ் முன்னால் ஹோயா ஆர் 72 மாதிரி ஒரு கருஞ்சிவப்பு ஃபில்டரை மாட்டி முதலில் முயன்று பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் தடுப்புக் கண்ணாடி பெரும்பகுதி அகச்சிவப்பை நிறுத்திவிடுவதால் பட்டப்பகலில்கூட ஒரு படத்துக்குப் பல வினாடிகள் ஆகும், சில கேமராக்களில் இன்னும் அதிகம். முக்காலி கட்டாயம். காற்றில் அசையும் இலைகள் எல்லாம் கலங்கிப்போகும். இந்தக் கலையின் உயிரே இலைகள்தான். மாற்றிய கேமராவில் சாதாரணப் படம் போலவே கையில் பிடித்து 1/250 வினாடியில் எடுக்கலாம். எனக்கு அந்த வித்தியாசம் மிகப் பெரியது. நடந்துகொண்டே, பார்த்துக்கொண்டே, திரும்பத் திரும்ப எடுத்துப் பழக முடிகிறது.

எந்தக் கேமராவை மாற்றுவது? மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) இருந்தால் அதைக் கொடுங்கள். காரணம் ஃபோகஸ். அகச்சிவப்பு ஒளி லென்ஸுக்குள் சற்று வேறு இடத்தில் குவிகிறது. பழைய லென்ஸ்களில் தூர அளவுகோலின் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோ கோடோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதற்காக வைத்த அடையாளம்தான். மிரர்லெஸ் கேமரா சென்சாரில் விழும் ஒளியை வைத்தே ஃபோகஸ் செய்வதால் இந்த வேறுபாடு தானாகச் சரியாகிவிடும். டிஎஸ்எல்ஆரில் (பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள வகை) ஃபோகஸ் பார்க்கும் பகுதி தனியாக இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை நம்பியது. மாற்றித் தருபவர் ஒரு குறிப்பிட்ட லென்ஸுக்கு ஏற்ப அதைச் சரிசெய்து தருவார், வேறு லென்ஸ் போட்டால் பிசகும். டிஎஸ்எல்ஆர்தான் இருக்கிறது என்றால் பரவாயில்லை, லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து எடுக்கும் முறை) எடுத்துப் பழகுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மாற்றக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மாடலைச் சொல்லி ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில கேமராக்களுக்குள் ஷட்டரைக் கண்காணிக்க ஒரு சின்ன அகச்சிவப்பு விளக்கு இருக்கும். சாதாரணமாக அது தெரியாது. தடுப்புக் கண்ணாடி போனதும் அதன் ஒளி சென்சாரில் கசிந்து, படத்தின் ஓரத்தில் மூட்டமாக விழும். அப்படிப்பட்ட கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள். நீங்களே பிரித்துப் பார்க்கலாம் என்ற ஆசை வந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது உடனே போவதில்லை. புதிய கண்ணாடியின் தடிமன் கொஞ்சம் மாறினாலும் ஃபோகஸ் மொத்தமாகத் தவறிவிடும்.

இனி ஃபில்டர். 590, 665, 720, 830 அல்லது 850 என்று எண்களைச் சொல்வார்கள். எந்த நானோமீட்டருக்கு மேலே உள்ள ஒளியை உள்ளே விடுகிறது என்பதுதான் அந்த எண். 590 போட்டால் ஆரஞ்சு, சிவப்பு நிற ஒளியும் சேர்ந்து வரும். பொன்னிற இலைகளும் நீல வானமுமாக வரும் படங்கள் பெரும்பாலும் அதில் எடுத்தவை. 830-க்கு மேலே போனால் நிறமே கிடையாது, சுத்தமான கறுப்பு வெள்ளை. இதற்குக் காரணம் சென்சார் மேல் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலச் சாயப் புள்ளிகள். 700-க்குச் சற்று மேலே சிவப்புப் புள்ளி நிறைய ஒளியை விடும், மற்ற இரண்டும் குறைவாக விடும். அந்த வித்தியாசத்திலிருந்துதான் நமக்குக் கொஞ்சம் நிறம் கிடைக்கிறது. 850-ஐ நெருங்கும்போது மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியை விடுகின்றன, வேறுபாடு மறைகிறது.

720 நடுவில் இருக்கிறது. கறுப்பு வெள்ளைக்கு நல்ல அழுத்தமான வானம் தருகிறது, வேண்டும்போது மென்மையான நிறமும் தருகிறது. பின்னால் 830 போன்ற தோற்றம் வேண்டுமென்றால் லென்ஸ் முன்னால் அந்த ஃபில்டரை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே 830 போட்டுவிட்டால் 720-க்குத் திரும்பி வர முடியாது. 590-ஐ விரும்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் நிறம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே நிறத்தோடு போராடிக்கொண்டிருந்தால், அகச்சிவப்பு எதை எப்படிக் காட்டுகிறது என்பது மனசில் பதியாது. என் சொந்த அனுபவமும் அதுதான்.

உள்ளே வெறும் கண்ணாடி போட்டுவிட்டு ஃபில்டர்களை வெளியே மாற்றி மாற்றி மாட்டும் முறையும் உண்டு, முழு நிறமாலை என்பார்கள். பரிசோதனை செய்ய அருமையானது. மிரர்லெஸில் இது நன்றாக நடக்கும். டிஎஸ்எல்ஆரில் கருப்பு ஃபில்டரை மாட்டியதும் கண் வைத்துப் பார்க்கும் இடம் இருண்டுவிடும். அப்படி மாட்டியபடி அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. இருட்டில் கண்ணின் பாவை விரிந்திருக்கும், அகச்சிவப்பு முழுசாக உள்ளே போகும், கண்ணுக்கு அது உறைக்காது.

லென்ஸ் விஷயத்தில் ஒரே ஒரு எதிரிதான்: ஹாட் ஸ்பாட். படத்தின் நடுவில் வட்டமாக ஒரு வெளிறல் விழும். லென்ஸின் உள் பூச்சுகளும் உட்சுவர்களும் தெரியும் ஒளிக்காகச் செய்யப்பட்டவை, அகச்சிவப்பு அவற்றில் பட்டுத் தெறித்து நடுவில் குவிகிறது. விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் மிகவும் நேசித்த ஒரு லென்ஸ் இதில் முழுக்கத் தோற்றது. ஒரு மலைப்பயணம் முழுவதும் அதிலேயே எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தபோதுதான் ஒவ்வொரு படத்தின் நடுவிலும் அந்த வட்டம் தெரிந்தது. கேமராவோடு சேர்த்துத் தரும் மலிவான கிட் லென்ஸ் ஒன்று சுத்தமாக இருந்தது. அதனால் வெளியே கிளம்புவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே சோதித்துவிடுங்கள். ஒரே நிறமான சுவரையோ மேகமில்லாத வானத்தையோ அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எண் கூடினால் துளை சுருங்கும்) எஃப் 4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக மாற்றி எடுத்து, கணினியில் கான்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். அப்பர்ச்சரைச் சுருக்கச் சுருக்க வட்டம் தெளிவாகும். எங்கே தெரிய ஆரம்பிக்கிறதோ அதற்கு முன்னால் நின்றுவிடுங்கள்.

நிலக்காட்சிக்கு எஃப் 16 வைத்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். அதை விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலைநீளம் கூடக் கூட ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதும் கூடும். 800 நானோமீட்டரில் எஃப் 8 என்பது, பச்சை ஒளியில் ஏறக்குறைய எஃப் 11 அல்லது 12 வைத்த அளவுக்குக் கூர்மையைக் குறைக்கும். நான் எஃப் 5.6-க்கும் 8-க்கும் நடுவிலேயே இருக்கிறேன். லென்ஸுக்கு நிழல்மூடி எப்போதும் இருக்கட்டும். பக்கவாட்டு வெயில் சாதாரணப் படத்தைவிட இங்கே அதிகமாகக் கெடுக்கும்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இலை ஏன் வெள்ளையாகிறது? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது, 700 நானோமீட்டரைத் தாண்டியதும் உறிஞ்சுவதைச் சட்டென்று நிறுத்திவிடுகிறது. உள்ளே போன ஒளி இலையின் நடுவே இருக்கும் செல்களுக்கும் காற்று இடைவெளிகளுக்கும் இடையில் மாறி மாறிச் சிதறி, ஏறக்குறைய பாதி திரும்பி வெளியே வருகிறது. மீதியில் பெரும்பங்கு இலையைத் துளைத்து அந்தப் பக்கம் போகிறது. பனித்துகள் வெள்ளையாகத் தெரிவதும் இதே மாதிரியான சிதறலால்தான். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட் 1910-ல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டார். இலைகள் வெளுப்பதை இன்றும் அவர் பெயரால் உட் விளைவு என்கிறார்கள்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்லா இலையும் ஒரே வெள்ளை இல்லை. புதிதாகத் துளிர்த்துச் செழித்த இலை பளீரென்று வரும். ஊசியிலை மரங்கள் சற்று மங்கலாக வரும். காய்ந்த புல் மங்கும். பச்சைப் பெயின்ட் அடித்த கதவு இலையைப் போல வெளுக்காது. இரண்டாம் உலகப் போரில் மறைப்புக்காகப் பூசிய பச்சை வண்ணத்தை நிஜமான செடிகளிலிருந்து பிரித்தறிய இதற்கென்றே ஃபிலிம் செய்தார்கள்.

அடுத்தது வானம். நீல வானம் நீலமாக இருப்பது காற்று மூலக்கூறுகள் குறுகிய அலைகளை அதிகம் சிதறடிப்பதால். அந்தச் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். 450 நானோமீட்டர் நீலத்தோடு ஒப்பிட்டால் 800-ல் பத்தில் ஒரு பங்குதான் சிதறுகிறது. ஆகவே தெளிந்த வானம் ஏறக்குறைய கறுப்பாகிவிடும், மேகம் மட்டும் வெள்ளையாக மிதக்கும். மழை பெய்து ஓய்ந்து காற்று கழுவியதுபோல் இருக்கும் நாளில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்துப் பாருங்கள். தூரத்து மலைகளின் மேல் இருக்கும் நீலப் புகைமூட்டமும் விலகிவிடும். மூடுபனி மட்டும் விலகாது. அதில் இருக்கும் நீர்த்துளிகள் இந்த அலைகளைவிடப் பெரியவை, எல்லா ஒளியையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சுவதால் ஆழமான குளம் கருமையாக வரும். கரையில் இருக்கும் வெள்ளை மரங்கள் அதில் தலைகீழாக விழுவதைப் பார்ப்பது எத்தனை முறை எடுத்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நிழல்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பழகும்போது அதுதான் அதிகம் ஏமாற்றும். திறந்த வெளியில் ஒரு கட்டடத்தின் நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது வானம். அகச்சிவப்பில் அந்த வானமே இருட்டு, அதனால் நிழலும் கன்னங்கரேல் என்று விழும். மரத்தடி நிழல் அப்படி இல்லை. மேலே இருக்கும் இலைகள் ஒளியைத் துளைத்துக் கீழே விடுகின்றன, பக்கத்து இலைகளும் திருப்பி அனுப்புகின்றன. கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் தோப்பின் உட்புறம் கேமராவில் நிலா வெளிச்சம்போல ஒளிரும். ஒருமுறை பாறைச் சுவரின் நிழலில் எடுத்துத் தோற்றேன். அன்று அதே நேரத்தில் தோப்புக்குள் போயிருந்தால் நல்ல படம் கிடைத்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். உச்சி வெயிலில் படம் எடுக்காதே என்பது வழக்கமான பாடம். இங்கே காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று வரை நன்றாக வேலை செய்யலாம்.

இதையெல்லாம் பழகத்தான் இரண்டு மாதக் கறுப்பு வெள்ளை. கேமராவில் படத்தின் பாணியை மோனோக்ரோம் என்று வைத்து, கோப்பை ரா-வில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) பதியுங்கள். திரையில் சிவப்புக்குப் பதிலாக வெளிச்சமும் இருளும் தெரியும். கோப்புக்குள் நிறத் தகவல் பத்திரமாக இருக்கும். கேமராவின் ஒளிமானியை முழுசாக நம்பாதீர்கள், முக்கியமாக டிஎஸ்எல்ஆரில். அது தெரியும் ஒளியை அளந்து சொல்கிறது, அந்த ஒளிக்கும் அகச்சிவப்புக்கும் உள்ள விகிதம் நேரத்துக்கு நேரம் மாறும். ஹிஸ்டோகிராமை (படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், அதிலும் சிவப்புச் சேனலைத் தனியாகப் பாருங்கள். 720-ல் முதலில் நிரம்பி வழிவது அதுதான். இலையின் வெள்ளை ஒருமுறை போய்விட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அதில் நரம்புகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பிறகு நிறம். படம் சிவப்பாக வருவதற்குக் காரணம் கேமராவின் வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) தெரியும் ஒளிக்கானது என்பதுதான். வெயில் படும் புல்தரையைக் காட்டி கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுத்தால் பெரும்பாலான கேமராக்களில் சிவப்பு அடங்கிவிடும். சில கேமராக்கள் இவ்வளவு தூரம் போக மறுக்கும், அதனால் கோப்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. கணினியில் வேறொரு தடை காத்திருக்கிறது. அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் நிறவெப்பம் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, அகச்சிவப்புக்கு அது போதாது. புதியவர்கள் மனம் தளர்ந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவுக்கு ஒரு ப்ரொஃபைல் (நிறத்தை எப்படிக் காட்டுவது என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) செய்து, அதில் வெப்ப அளவை முழுவதும் இடதுபக்கம் தள்ளிச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் போதும். அந்த ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் லைட்ரூமின் அளவுகோலில் தாராளமாக இடம் கிடைக்கும், புல்லைத் தொட்டு வொயிட் பேலன்ஸ் செய்தால் படம் சமநிலைக்கு வரும்.

அப்போது இலைகள் வெளிர்நீலச் சாம்பலாகவும் வானம் செம்பழுப்பாகவும் தெரியும். பார்ப்பதற்கு அந்த வானம் ஒட்டாது, அதனால் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றுகிறோம். ஃபோட்டோஷாப்பிலும் கிம்பிலும் சேனல் மிக்சர் (சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவைக் கலக்கும் கருவி) இருக்கிறது. சிவப்பு வெளியீட்டில் சிவப்பை 0, நீலத்தை 100 ஆக்குங்கள். நீல வெளியீட்டில் நீலத்தை 0, சிவப்பை 100 ஆக்குங்கள். பச்சையைத் தொட வேண்டாம். வானம் நீலமாகும், இலைகளில் லேசான பொன்மஞ்சள் ஏறும். 720-ல் இதற்கு மேல் நிறத்தைப் பிழிய முயன்றால் வானத்தில் இரைச்சல் புள்ளிகள் கிளம்பும், மேகத்தின் விளிம்பில் கோடு விழும். கொஞ்சம் நிறத்தோடு நிறுத்திக்கொள்வதே எனக்குப் பிடிக்கும். இலை சிவந்தும் பிங்க் நிறத்திலும் வரும் கோடக் ஏரோக்ரோம் ஃபிலிமின் தோற்றம் இந்த இடமாற்றத்தால் வராது. அந்த ஃபிலிம் பச்சை, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பையும் மூன்று தனி அடுக்குகளில் பதிவு செய்தது. 720 கேமராவுக்குள் பச்சை ஒளி வருவதே இல்லை.

கேமரா மாறி வந்த முதல் நாள் தூரமாக எங்கும் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஒரே மரத்தை வெயிலில், நிழலில், சூரியனை நோக்கி, சூரியனுக்கு எதிர்ப்புறமாக, அடியில் நின்று மேலே பார்த்து என்று ஐம்பது படம் எடுங்கள். அதே மரத்தை மேகமூட்டமான நாளிலும், இலை உதிரும்போதும் எடுங்கள். கூடவே ஃபோனில் ஒரு சாதாரணப் படமும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வாரங்களில், கேமராவை எடுப்பதற்கு முன்னாலேயே எது வெள்ளையாக வரும், எது கருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்த மரத்தின் படங்களில் ஏதாவது புரியவில்லை என்றால் எடுத்த நேரம், அப்பர்ச்சர், லென்ஸ் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள், என்ன நடந்திருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.